தூசி எண்ணிய மிஸ்

உங்கள் பெரியக்காவுக்கு மூன்று வயது நடந்த காலத்தில், எங்கள் வீட்டுக் காற்றில் எவ்வளவு தூசி இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க ஒரு மிஸ் வந்தார். காற்றுத் தூசியை எப்படி எண்ணுவது என்று நீங்கள் கேட்பீர்கள். நாங்களும் கேட்டோம். கேட்டதோடு நிற்காமல் சிரிக்கவும் செய்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது. நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். எனக்குத் தெரிந்த அளவில் அவரைப் பற்றி எழுதி வைக்கிறேன். அவருடைய பெயர் எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். எழுதினால் "இதெல்லாம் என்னத்துக்குத் தம்பி?" என்று கேட்கிற ஆள் அவர்.

நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நெஞ்சு வருத்தக்காரரைப் பார்க்கிற பிரிவில் அவருக்கு வேலை. டாக்டரும் இல்லை, மிஸ்ஸி என்று நாங்கள் சொல்கிற தாதியும் இல்லை. சளியை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்து எழுதுகிற வேலை. அங்கே இருந்த டாக்டர் ஒருவர், முட்டு என்கிற மூச்சிழுப்பு உள்ள பிள்ளைகளின் வீட்டுக்குள் காற்று எப்படி இருக்கிறது என்று அளந்து பார்க்க வேண்டும் என்று ஒரு திட்டம் தொடங்கினார். நாட்டில் சண்டை முற்றியதும் அந்த டாக்டர் வெளிநாடு போய்விட்டார். நிறுத்து என்று மிஸ்ஸுக்கு யாரும் சொல்லவில்லை. ஆகவே அவர் நிறுத்தவில்லை. குருக்கள்மடத்தில் இருந்து பாதையேறி எங்கள் படுவான்கரைப் பக்கம் வந்துகொண்டே இருந்தார். பாதை என்றால் தெருவல்ல பிள்ளைகளே. மனிதரும் சைக்கிளும் மாடும் ஒன்றாக ஏறி வாவியைக் கடக்கிற இரும்புத் தெப்பம். அந்த நாளில் ஆஸ்பத்திரிக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்தது அது ஒன்றுதான். ஆறு மணிக்குக் கடைசிப் பாதை. அதற்குப் பிறகு உயிர் போனாலும் இந்தக் கரையில்தான் போக வேண்டும்.

மிஸ்ஸுக்கு நாற்பது வயது இருக்கும். மெலிந்த உடம்பு. சைக்கிள் கரியரில் பழைய ரியூப்பால் கட்டிய பிஸ்கட் டின், முன் கூடையில் மரப்பெட்டிக்குள் நுணுக்குக்காட்டி. டின்னுக்குள் விரல் நீளக் கண்ணாடித் துண்டுகள். துண்டின் ஒரு பக்கத்தில் மெல்லிசாக வாசலீன் பூசி, வீட்டுக்குள் ஓரிடத்தில் ஒரு நாள் வைப்பார். காற்றில் மிதக்கிற தூசி அதில் வந்து ஒட்டிக்கொள்ளும். மறுநாள் எடுத்து நுணுக்குக்காட்டியில் வைத்து, ஒரு சதுரத்துக்குள் எத்தனை என்று எண்ணிக் கொப்பியில் எழுதுவார். இவ்வளவுதான் அவருடைய வித்தை.

ஆனால் எண்ணுவது அவருக்குத் தூசியோடு முடிகிற விசயமில்லை. பாதையில் யாராவது "இண்டைக்குச் சரியான சனம்" என்று பெருமூச்சு விட்டால், "முப்பத்திரண்டு. போன கிழமை நாப்பது" என்பார். மேற்கில் இருந்து அடிக்கிற கச்சான் காற்று இந்த வருசம் கூட என்று யாரும் சொன்னால், எத்தனை நாள் அடித்தது என்று கேட்பார். "எண்ணாமச் சொல்லக்கூடா" என்பது அவர் வாயில் கிடந்த பேச்சு. பாதை இழுக்கிற அண்ணருக்குத் தலையில் முடி குறைவு. அவர் ஒருநாள் மிஸ்ஸைச் சீண்டுவதற்காக, என்ட தலையில எத்தின மயிர் எண்டு எண்ணிச் சொல்லுங்க பாப்பம் என்று கேட்டார். மிஸ் அவர் தலையை ஒரு தரம் பார்த்தார்.

"உங்களுக்கு எண்டா தேத்தண்ணி ஆற முதல் முடிச்சிருவன்."

பாதை முழுக்கச் சிரித்தது. மிஸ் சிரிக்கவில்லை. மெய்யாகவே நேரத்தைக் கணக்குப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

இந்தக் குணத்தால் அவருக்கு வில்லங்கமும் வந்தது. குருக்கள்மடம் பக்கத்துத் துறையில் ஆமியின் சென்றி, காவலரண், இருந்தது. கொப்பி நிறைய வெறும் இலக்கங்கள். வாசலீன் பூசிய கண்ணாடிகள். யாருக்குத்தான் சந்தேகம் வராது? ஒரு ஆமிக்காரன் அவரைக் காலையில் இருந்து மத்தியானம் வரை வெயிலில் நிறுத்தி வைத்தான். மிஸ்ஸுக்குச் சிங்களம் கொஞ்சம், அவனுக்குத் தமிழ் அதைவிடக் கொஞ்சம். கடைசியில் அவர் ஒரு கண்ணாடியில் வாசலீன் பூசி அவன் கையில் கொடுத்து, உன் பங்கருக்குள் வைத்திரு, நாளைக்கு வருகிறேன் என்றாராம். மறுநாள் அங்கேயே சாக்கு மூட்டை மேல் நுணுக்குக்காட்டியை வைத்து அவனையே பார்க்கச் சொன்னார். நுளம்பு கடிக்காமல் இருக்க அவர்கள் உள்ளே தேங்காய்ப் பொச்சுமட்டை புகைத்துவந்தார்கள். கண்ணாடி கறுப்பாக இருந்தது. அவன் வெகு நேரம் கண்ணை எடுக்கவில்லையாம். அதன் பிறகு பொச்சுமட்டை வெளியே காற்றடிக்கிற பக்கம் எரிந்தது. மிஸ் போகும்போதெல்லாம் அவன் "மிஸ், எனக்கு எவ்வளவு?" என்று கேட்பான். அவரும் நின்று இலக்கத்தைச் சொல்லிவிட்டுத்தான் போவார்.

இன்னொரு நாள் நடந்ததை நான் கண்ணால் கண்டேன். எங்கள் துறையில் சுற்றிவளைப்பு. ஆண்களை லொறியில் ஏற்றினார்கள். துறைக்குப் பக்கத்தில் நான் வேலை செய்த மில்லுக்குள் நின்றபடியால் தப்பினேன். சற்று நேரத்தில் ஊரெல்லாம் கதை. ஐம்பது பேர் என்றார்கள், நூறு என்றார்கள், எல்லாரும் முடிந்தார்கள் என்று ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டாள். மிஸ் மட்டும் அழவில்லை. அது எங்களுக்குப் பிடிக்கவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று ஒரு மாமி அவர் முகத்துக்கு நேரே சொன்னார். லொறி ஏறும்போதே மிஸ் எண்ணிவிட்டார். தூசிக் கணக்குக்குக் கீழே பதினேழு என்று எழுதி, தாய்மாரிடம் கேட்டுக் கேட்டுப் பதினேழு பெயரையும் எழுதினார். பின்னேரம் லொறி திரும்பி வந்தது. எல்லாரையும் விட்டாயிற்று, கலைந்து போங்கள் என்றார்கள். சனம் கட்டிப்பிடித்து அழுதது. அந்தச் சத்தத்துக்குள் மிஸ் கொப்பியோடு லொறிக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"பதினேழு ஏத்தின. பதினாறு இறங்கியிருக்கு."

குரலை உயர்த்தவில்லை. பெயரையும் வாசித்தார். விடுபட்டவர் பாதை இழுக்கிற அண்ணர். மனைவி பிள்ளை இல்லாதவர். கேட்க ஆளில்லாதவர். மறுநாள் காலையில் அவரைக் கொண்டுவந்து விட்டார்கள். அதற்குப் பிறகு மிஸ்ஸின் சைக்கிள் பாதையில் ஏறினால் அவர் வேறு யாரையும் அதைப் பிடிக்க விடமாட்டார்.

இனி எங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

பெரியக்காவுக்கு மாலைப்படும்போது முட்டு வரும். விளக்கு வைக்கிற நேரம் மூக்குத் துடிக்கத் தொடங்கும். பிறகு நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம். ஐந்தரைக்கு வந்தால் தூக்கிக்கொண்டு துறைக்கு ஓடுவோம். ஆறரைக்கு வந்தால் மடியில் வைத்துக்கொண்டு இருப்போம். உதடு நீலம் பாரிப்பதை இரண்டு தரம் கண்டோம். வாவிக்காற்று ஆகாது என்று ஊரில் எல்லாரும் சொன்னார்கள். நான் சொன்னது வேறு. ஆமி நடமாட்டம் கூடிய பிறகு உங்கள் அம்மா வெளிக் குசினியை விட்டு, வீட்டுக்குள் விறாந்தை மூலையில் அடுப்பை வைத்திருந்தா. அந்தப் புகைதான் பிள்ளையைக் கொல்லுது என்று ஒவ்வொரு நாளும் ஏசினேன். ஒரு நாள் கறிச்சட்டியைத் தூக்கி முற்றத்தில் வைத்தேன். அம்மா முற்றத்துக்கு இறங்கினா. முற்றத்தில் கிடந்த சட்டியை எடுத்துக் கழுவினா.

மிஸ் வந்து எங்கள் வீட்டில் மூன்று கண்ணாடி வைத்தார். அடுப்புக்குப் பக்கத்தில் ஒன்று, வாசலில் ஒன்று, பெரியக்கா படுக்கிற பாயின் தலைமாட்டில் ஒன்று. நாலாவது துண்டைப் பூசியபடியே டின்னுக்குள் மூடி வைத்தார். அது என்னத்துக்கு என்று அம்மா கேட்டா.

"அது என்ட டின்னில இருக்கிற ஊத்தை. அதக் கழிச்சிப்போட்டுத்தான் உங்கட ஊத்தையச் சொல்லலாம்."

மறுநாள் வந்து முற்றத்தில் நுணுக்குக்காட்டியின் அடிக்கண்ணாடியில் வெயிலைப் பிடித்து எண்ணப் பார்த்தார். மூன்று துண்டிலும் ஒன்றும் இல்லை. மறுகா லென்சைத் துடைத்துப் பார்த்தார், நுணுக்குக்காட்டியைத் திருகிப் பார்த்தார். ஒன்றுமே இல்லை.

"தங்கச்சி, ஒப்பரேசன் தியேட்டரிலயும் காத்து இவ்வளவு சுத்தமா இல்ல" என்றார். பிறகு துண்டை மூக்குக்குக் கிட்டப் பிடித்தார். "நான் பூசித் தந்தது வாசலீன். இதில தேங்காயெண்ணெய் மணக்குது."

அம்மா சீலைத் தலைப்பைப் பிடித்துத் திருகினா. பிறகு மெல்லச் சொன்னா. பின்னேரம் பார்த்தபோது கண்ணாடி எல்லாம் தூசி பிடித்துக் கிடந்ததாம். கவர்மெண்ட் சாமான், படித்த மனிசி நம்பித் தந்தது. மூன்றையும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, புதிதாக எண்ணெய் பூசி, தூசி படாமல் சிரட்டையால் மூடி வைத்திருக்கிறா.

"ஊத்தையாத் திருப்பித் தர வெக்கமா இருந்திச்சி மிஸ்."

நான் பல்லைக் கடித்தேன். மிஸ் ஏசவில்லை. கொப்பியில் அந்த நாளைக் கீறிவிட்டு, புதிதாக வாசலீன் பூசத் தொடங்கினார். "நான் பாதையேறி வாறதே உங்கட ஊத்தையக் கேட்டுத்தான் தங்கச்சி. அதக் கழுவிப்போட்டா எனக்கு என்ன வேலை?" என்றார். அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

அதற்கு மறுநாள் காலை நான் மில்லுக்குப் போகவில்லை. அடுப்புத்தான் குற்றவாளி என்று மிஸ்ஸின் வாயால் கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன். உள்ளதைச் சொல்கிறேன் பிள்ளைகளே, எனக்கு அப்போது பிள்ளையின் வருத்தத்தைவிட என் சொல் வெல்ல வேண்டும் என்பது கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

அடுப்பருகில் இருந்த துண்டை முதலில் பார்த்தார். கரும் புள்ளிகள். எண்ணினார். "முப்பத்தி எட்டு." வாசல் துண்டு, இருபத்தாறு. தலைமாட்டுத் துண்டை வைத்தார். எண்ணினார், நிறுத்தினார், திரும்பவும் தொடக்கத்தில் இருந்து எண்ணினார். நின்று நின்று எனக்குக் கால் உழைந்தது. இருநூற்றைத் தாண்டியும் ஒரு சதுரம் முடியவில்லை.

"இது புகையில்ல" என்றார். "வந்து பாருங்க தம்பி."

நான் கண்ணை வைத்தேன். முதலில் என் கண்ணிமைதான் தெரிந்தது. பிறகு தெளிந்தது. கறுப்பு ஒன்றிரண்டுதான். மிச்சமெல்லாம் மஞ்சள் செதில், மீன் செதிலைப் போல, ஓரம் கிழிந்தது. இடையில் கண்ணாடி ஊசி மாதிரி நுணுக்கமான மயிர்கள். அதை நான் அதற்கு முன் அந்தப் பெரிதில் கண்டதில்லை. ஆனாலும் கண்டவுடன் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு நாளும் என் புருவத்தில் இருந்து நான் தட்டிவிடுவது அதுதான். நெல்லுத் தவிடு.

நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று மிஸ் என்னிடம் கேட்டார். மில்லில் என்றேன். அவர் எழும்பி வீட்டுக்குள் போனார். பாய்க்குப் பக்கத்து யன்னலில் நான் தொங்கவிட்டிருந்த சாக்குத் திரையைக் கையால் ஒரு தட்டுத் தட்டினார். வாசலால் விழுந்த வெயிலில் பொன்னிறத்தில் ஒரு புகை எழும்பி, சுழன்று, பாயின் மேல் மெதுவாக இறங்கியது.

அந்தச் சாக்குகள் நான் கொண்டுவந்தவை. வெளிச்சம் வெளியே தெரிந்தால் சுடுவார்கள் என்று பயந்த காலம். மில்லில் கழித்த தவிட்டுச் சாக்குகளை வாங்கி, கோணி ஊசியால் தைத்து, இரட்டை மடிப்பாக நானே தொங்கவிட்டேன். வாவிக்காற்றும் படக்கூடாது என்று பெரியக்காவின் பக்கம் மூன்று மடிப்பு. மாலைக் காற்று எழும்பினால் சாக்கு ஆடும். அதே நேரம் நான் மில்லில் இருந்து வந்து, உடுப்பும் மாற்றாமல் பிள்ளையைத் தூக்கித் தோளில் போடுவேன். விளக்கு வைக்கிற நேரம்தான் முட்டு வரும் என்று சொன்னேனே. அது நான் வீடு வருகிற நேரம்.

நான் நிலத்தில் குந்திவிட்டேன். அம்மா பக்கத்தில் வந்து நின்றா. மிஸ்ஸைப் பார்த்தா.

"அடுப்பில எவ்வளவு எண்டு சொன்னீங்க மிஸ்? கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. இவருக்குக் காது கேக்கிற குறைவு."

"முப்பத்தி எட்டு" என்றார் மிஸ், சத்தமாக. முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

அந்த ஏச்சு எனக்கு வேண்டியிருந்தது. ஆனால் அடுத்ததாக நான் கேட்டது வேறு. சாக்கைக் கழற்றினால் வெளிச்சம் தெரியுமே, யாராவது சுட்டால் என்ன செய்வது, எது பெரிய ஆபத்து என்று மிஸ்ஸே சொல்லட்டும் என்றேன்.

மிஸ் யோசித்தார். "அத நான் எண்ணல்ல தம்பி. எண்ணாத ஒண்ட நான் சொல்லமாட்டன். காத்தப் பத்தி மட்டும்தான் எனக்குத் தெரியும்."

எனக்குக் கோபம் வந்தது. படித்த மனிசி, பயப்படாதே என்று ஒரு சொல் சொன்னால் என்ன குறைந்துவிடும்? சைக்கிளில் போகிற அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது யோசித்தால் தெரிகிறது. அந்த நாளில் எங்களுக்குப் பொய்யாகத் தைரியம் சொல்ல ஊர் நிறைய ஆள் இருந்தது. தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொன்னவர் அவர் ஒருவர்தான்.

வழி கண்டுபிடித்தது உங்கள் அம்மா. "வெளிச்சத்துக்குத்தானே பயம்? அப்ப விளக்கே வேணா" என்றா. அவ்வளவு லேசான வேலை என் தலைக்குள் வரவில்லை. அன்றைக்கே சாக்குகளைக் கழற்றி வளவுக்குப் பின்னால் எரித்தேன். பொழுது படுமுன் சோறு தின்றோம். இருட்டியதும் யன்னலைத் திறந்துவிட்டு, விளக்கில்லாமல், கதை சொல்லிக்கொண்டு படுத்தோம். நீங்கள் சின்னவர்களாக இருந்தபோதும் நாங்கள் பொழுதோடு தின்றுவிடுவது எதனால் என்று கேட்டிருக்கிறீர்கள். அது அப்படித் தொடங்கிய பழக்கம். நான் மில் உடுப்பை வேலியோரத்து முருங்கையில் கொழுவிவிட்டு, வாவியில் முழுகிய பிறகுதான் வாசலை மிதிப்பேன். பெரியக்கா என்னைக் கண்டதும் கையை நீட்டுவாள். தூக்காமல் ஓடிப்போய் முழுகுவது ஒவ்வொரு நாளும் பெரிய வேலை.

மூன்று கிழமை கழித்து மிஸ் திரும்பவும் கண்ணாடி வைத்தார். தலைமாட்டில் முப்பத்தொன்று. அம்மா இந்த முறை கண்ணாடிக்குக் கிட்டவே போகவில்லை. கூட்டுவதற்குக்கூடப் பயந்து அந்தப் பக்கத்தை விட்டுவிட்டா. பிள்ளைக்கு அந்தக் கிழமைகளில் ஒரே ஒரு தரம்தான் முட்டு வந்திருந்தது. நான் கையைக் கூப்பாத குறையாக, சுகம் வந்துவிட்டது என்று சொல்லுங்கள் மிஸ் என்று கேட்டேன்.

"முப்பத்தொண்டு எண்டு சொல்றன். மாரி வருது. மாரியிலதான் இந்த வருத்தம் தன்ட குணத்தக் காட்டும். அது போகட்டும், மறுகா வந்து சொல்றன்."

மாரி வந்தது. அந்த வருசம் வாவி மேவி வயல்வட்டை எல்லாம் வெள்ளம். பாதை ஓடவில்லை. வெள்ளத்துக்குள் சண்டையும் நடந்தது. எங்கள் கரைக்கு மருந்தும் வரவில்லை, மனிதரும் வரவில்லை. பெரியக்கா இருமினால் நானும் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருப்போம். மிஸ்ஸை மறந்தேவிட்டோம் என்று சொல்லலாம். இந்தக் காலத்தில் ஒரு சொல் சொல்வதற்காக யார் வரப்போகிறார்கள்?

தண்ணீர் வடிந்து பாதை ஓடிய முதல் கிழமையே அவர் வந்தார். சீலை முழங்கால் வரை நனைந்து, சேற்றில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. கண்ணாடியை வைத்துவிட்டுப் போய், மறுநாளும் வந்து எண்ணினார். இருபத்து நாலு. டின்னின் ஊத்தையைக் கழித்தபின் இருபத்தொன்று. மாரிக்குள் எத்தனை தரம் முட்டு வந்தது என்று அம்மாவிடம் கேட்டார். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா கையால் தடுத்துவிட்டு, சுவரில் கரிக்கட்டையால் கீறி வைத்திருந்த கோடுகளைக் காட்டினா. இரண்டு கோடு. அவ அப்படி எண்ணி வைத்திருந்தது எனக்கே தெரியாது.

மிஸ் அந்தக் கோடுகளுக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார். பெரியக்காவை மடியில் இருத்தி, முதுகில் காதை வைத்து வெகு நேரம் கேட்டார். பிள்ளை கூச்சத்தில் நெளிந்தாள். மிஸ் நிமிர்ந்து கொப்பியில் எழுதினார். எழுதி முடித்துவிட்டுத்தான் எங்களைப் பார்த்தார்.

"சுகம்" என்றார்.

சரியாகிவிடும், சரியாகிவிடும் என்று எத்தனையோ பேர் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அதில் ஒன்றையும் நாங்கள் நம்பியதில்லை. தேத்தண்ணி கூடக் குடிக்க நிற்காமல், இன்னும் இரண்டு வீடு இருக்கிறது என்று அவர் போய்விட்டார். அதன் பிறகு அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். நான் அவருக்கு நன்றி என்று ஒரு சொல் சொல்லவில்லை.

அவர் படலையைத் தாண்டியதும் அம்மா உள்ளே போனா. எந்த நேரம் முட்டு வந்தாலும் தூக்கிக்கொண்டு ஓடுவதற்காகப் பிள்ளையின் சட்டை, துவாய், கிளினிக் கொப்பி எல்லாம் போட்டு ஒரு பையை ஒரு வருசமாகக் கதவில் கொழுவி வைத்திருந்தோம். அதை எடுத்து நிலத்தில் வைத்து அவிழ்த்தா. ஒரு சட்டையை எடுத்துப் பெரியக்காவுக்குப் போட்டுப் பார்த்தா. கை ஏறவில்லை. பிள்ளை வளர்ந்திருந்தாள்.